தெரியாத 38: பட்டியலுக்கு ஒரு புறனடை

2020ன் தொடக்கத்தில் ஒருநாள் சாயங்காலம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இருந்து போன் வந்தது. ரப்பர் சாமான் செய்யும் ஒரு சிறு யூனிட். அங்கே கணக்கு பார்க்கும் அக்கா பேசினார். "தம்பி, பில்லே போட வரலை. லோடு ஏத்தியாச்சு, டிரைவர் நிக்கிறாரு."

யாருக்குப் போகும் லோடு என்று கேட்டேன். விருதுநகர். சரக்கின் மதிப்பு ஒரு லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டுக்குள் அதற்கு மேல் போனால் இ-வே பில் வேண்டும், பில் இல்லாமல் லாரியை எடுக்க முடியாது. திரையில் என்ன வருகிறது என்று படிக்கச் சொன்னேன். வாடிக்கையாளர் பட்டியலே திறக்கவில்லை, '38 ஏற்கத்தக்க மதிப்பு அல்ல' என்று மட்டும் வருகிறது என்றார்.

காரணம் பிடிபட அரை மணி நேரம் ஆனது. லடாக்கில் லே நகரில் அவர்களுக்கு ஒரு வாடிக்கையாளர் உண்டு. ஜம்மு காஷ்மீரிலிருந்து லடாக் தனி யூனியன் பிரதேசமாகப் பிரிந்ததால் அவருடைய ஜிஎஸ்டி எண் மாறியிருந்தது. காலையில் அக்கா அதைப் பொறுப்பாக இணையப் பக்கத்தில் திருத்தியிருக்கிறார். சர்வருக்கு 38 தெரியும், வாங்கிக்கொண்டது. யூனிட்டில் ஓடிய பில்லிங் புரோகிராம் பயன்படுத்தியதோ நான் எழுதிய எஸ்டிகேயின் பழைய பதிப்பு. அதற்கு 38 தெரியாது. நானூறு சொச்சம் பேர் கொண்ட பட்டியலை இறக்கிக்கொண்டே வந்து, அந்த ஒரு வரியில் தடுக்கி விழுந்து, மொத்தப் பட்டியலையும் தூக்கிப் போட்டுவிட்டது.

விளக்கிச் சொன்னேன். அக்கா ஒரு கேள்வி கேட்டார்: "லே-காரருக்கு பில் போட முடியலைன்னா சரி தம்பி. விருதுநகர்க்காரருக்கு ஏன் வரலை?"

என்னிடம் பதில் இல்லை. இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கான பதில்தான்.

எனம் என்றால்

ஒரு மாறி இன்ன இன்ன மதிப்புகளில் ஒன்றைத்தான் ஏற்கலாம் என்று முன்கூட்டியே பெயர் கொடுத்து அடுக்கி வைப்பதைப் புரோகிராமர்கள் எனம் என்பார்கள். வேகமாகச் சொன்னால் 'இனம்' என்று காதில் விழும். பொருளும் ஏறக்குறைய அதுதான். கிழமை என்றால் ஏழு, பற்றா வரவா என்றால் இரண்டு.

இதை ஏன் விரும்புகிறோம்? எழுத்துப்பிழை நுழையாது. 'தமிழ்நாடு' என்பதை ஒருவர் இடம் விட்டும் இன்னொருவர் விடாமலும் எழுதும் சங்கடம் இல்லை. அதைவிட முக்கியம், கம்பைலர் நமக்குக் காவல் நிற்கும். நாலு மதிப்புள்ள எனத்தில் மூன்றுக்கு மட்டும் வழி சொல்லிவிட்டு நாலாவதை மறந்தால், பல மொழிகளில் கம்பைலரே எச்சரிக்கும். 2018ல் நான் மாநிலங்களை எனமாக எழுதியபோது எனக்கு ஒரே பெருமை. தப்பான மாநிலம் உள்ளே வரவே முடியாது என்று நினைத்தேன். சரியான மாநிலமும் வர முடியாது என்பது அப்போது தோன்றவில்லை.

பட்டியல் யாருடையது?

ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு, அடுத்த பத்து பான் எண். நம்ம ஊர் எண்கள் எல்லாம் 33ல் தொடங்குவது இதனால்தான். இந்தக் குறியீடுகளுக்கு அடிப்படை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்த வரிசை. வடக்கே ஜம்மு காஷ்மீர் 01ல் தொடங்கி, தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, அந்தமான் 35 என்று முடியும். அழகான, மூடிய பட்டியல்.

ஆனால் ஜிஎஸ்டி 2017 ஜூலை 1ல் வருவதற்கு முன்பே அது திறந்துவிட்டது. 2014 ஜூன் 2ல் தெலங்கானா பிறந்தது, அதற்கு 36. மிஞ்சிய ஆந்திராவுக்குப் பழைய 28 தொடரவில்லை, 37 வந்தது. 2019 அக்டோபர் 31ல் லடாக் பிரிந்தது, அதற்கு 38. அடுத்த மூன்று மாதத்துக்குள், 2020 ஜனவரி 26ல், டாமன் டையூவும் தாத்ரா நகர் ஹவேலியும் ஒன்றாயின. இருபத்தைந்தும் இருபத்தாறும் சேர்ந்து 26 ஆனது. இவை போதாதென்று எந்த மாநிலத்திலும் சேராத பகுதிகளுக்கு 97 என்று ஒன்று உண்டு.

ஆறு ஆண்டுகளுக்குள் மூன்று சேர்ந்தன, இரண்டு ஓய்வு பெற்றன. நாடாளுமன்றம் கூட்டிக் குறைக்கிற ஒரு பட்டியலை நான் என் கோடில் கல்வெட்டாக வெட்டி வைத்திருந்தேன்.

மாநிலங்கள் மட்டும் இல்லை. சுற்றிப் பார்த்தால் எல்லாப் பட்டியலும் இப்படித்தான்:

வண்டி எண் தமிழ்நாட்டுக்கு டிஎன் மாதிரி இரண்டெழுத்தில்தான் தொடங்கும் என்று பலர் எழுதி வைத்திருந்தார்கள். 2021ல் பாரத் வரிசை வந்தது. அது ஆண்டின் இரண்டு இலக்கத்தில் தொடங்கி, பிறகுதான் பிஎச் என்று போகும்.

ஜிஎஸ்டி விகிதங்கள் 5, 12, 18, 28 என்று மனப்பாடம் செய்திருந்தோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு 5, 18 என்று சுருங்கி, மேலே 40 என்று புதிதாக ஒன்று வந்தது. விகிதத்தை எனமாக வைத்திருந்தவர்களுக்கு அந்தத் திங்கட்கிழமை நல்ல நாளாக இருந்திருக்காது. விகிதம் அடிப்படையில் ஒரு எண். அதை எண்ணாகவே வைத்திருந்தால் இந்தச் சிக்கலே கிடையாது.

இதைவிட நைசாக வருவது இன்னொன்று. இ-வே பில்லில் போக்குவரத்து முறைக்கு 1 சாலை, 2 ரயில், 3 விமானம், 4 கப்பல் என்று குறியீடுகள். பிறகு 4ன் பொருளை 'கப்பல் அல்லது சாலையும் கப்பலும் சேர்ந்து' என்று விரித்தார்கள். எண் அதேதான், அர்த்தம் மட்டும் அகலமாகிவிட்டது. எந்தக் கம்பைலராலும் இதைப் பிடிக்க முடியாது.

ஆகவே எனம் எழுதும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எத்தனை மதிப்பு இருக்கிறது' என்பது இல்லை. 'இதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது' என்பதுதான். கிழமைகள் ஏழு, யாரும் மாற்றப்போவதில்லை, மூடி வைக்கலாம். என் புரோகிராமின் உள்நிலைகளை நானே மாற்றினால் நானே திருத்திக்கொள்வேன், மூடி வைக்கலாம். வெளியாள் மாற்றக்கூடியது, அதுவும் என்னைக் கேட்காமல் மாற்றக்கூடியது என்றால், அது திறந்த பட்டியல். இன்றைக்கு அதில் எத்தனை வரி இருக்கிறது என்பது முக்கியமே இல்லை.

எஸ்டிகே எழுதுகிறவருக்கு ஏன் கூடுதல் பொறுப்பு

சாதாரண புரோகிராம் என்றால் திருத்தி, திரும்ப நிறுவி முடித்துவிடலாம். எஸ்டிகே அப்படி இல்லை. அதை வைத்து இன்னொருவர் புரோகிராம் செய்திருப்பார், அது யாருடைய கணினியிலோ ஓடும். நான் புதிய பதிப்பு வெளியிட்டாலும் அவர் எடுத்துக்கொள்ள ஆறு மாதம் ஆகலாம், எடுக்காமலே போகலாம். சர்வர் மட்டும் இன்றைக்கே மாறும். ஆக, பழைய எஸ்டிகே புதிய சர்வரோடு பேசுவது விபத்து இல்லை, அதுதான் அன்றாட நிலை. எனக்குத் தெரியாத மதிப்பு ஒருநாள் வந்தே தீரும் என்று வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும்.

உலகத்தில் மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பெரும்பாலும் மூன்று வழி.

முதல் வழி, எனத்துக்குள்ளேயே 'எனக்குத் தெரியாதது' என்று ஒரு மதிப்பைச் சேர்ப்பது. அமேசானின் ஜாவா எஸ்டிகே இரண்டாம் பதிப்பில் 'எஸ்டிகேயின் இந்தப் பதிப்புக்குத் தெரியாதது' என்று பொருள்படும் ஒரு உறுப்பு பொதுவாக ஒவ்வொரு எனத்திலும் உண்டு. கூடவே, சர்வர் அனுப்பிய மூல எழுத்தை அப்படியே தரும் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டாவது ஏற்பாடு மிக முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இரண்டாம் வழி, எனத்தையே கைவிடுவது. மைக்ரோசாஃப்டின் அஷூர் எஸ்டிகேக்களில் இதைப் பரவலாகப் பார்க்கலாம். உள்ளே வெறும் எழுத்துச்சரம், வெளியே அதற்கு ஒரு சின்ன உறை. தெரிந்த மதிப்புகளுக்கெல்லாம் பெயர் வைத்த மாறிலிகள் தயாராக இருக்கும், அதனால் தட்டெழுதும்போது பெயர்கள் வரிசையாக வரும். தெரியாத மதிப்பு வந்தாலும் அதே உறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்க எனம் மாதிரி இருக்கும், கதவு மட்டும் பூட்டியிருக்காது. விரியும் எனம் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

மூன்றாம் வழி, தகவல் பரிமாறும் வடிவத்திலேயே இதை விதியாக்குவது. கூகுளின் புரோட்டோகால் பஃபர்ஸ் மூன்றாம் பதிப்பில் எனங்கள் திறந்தவை. தெரியாத எண் வந்தால் எண்ணாகவே பத்திரப்படுத்தப்படும். முதல் மதிப்பு 0 ஆகத்தான் இருக்க வேண்டும், அதற்குக் 'குறிப்பிடப்படவில்லை' என்று பெயர் வைப்பது வழக்கம். ஆக 'சொல்லவே இல்லை' என்பதும் 'சொன்னார்கள், எனக்குப் புரியவில்லை' என்பதும் தனித்தனியாக நிற்கின்றன.

மொழிகளும் உதவிக்கு வந்திருக்கின்றன. ரஸ்ட் மொழியில் ஒரு எனத்தை 'முழுமையானது அல்ல' என்று குறித்துவிட்டால், வெளியே இருந்து பயன்படுத்துகிறவர் 'மற்றபடி' என்ற கிளையை எழுதாமல் தப்ப முடியாது. ஸ்விஃப்ட் ஐந்தாம் பதிப்பில் இன்னும் நயமான ஏற்பாடு. தெரியாத மதிப்புக்கென்று தனியாக ஒரு கிளை எழுதலாம், ஆனால் தெரிந்த மதிப்பு ஒன்றை நாம் மறந்தால் கம்பைலர் அப்போதும் எச்சரிக்கும். சாதாரண 'மற்றபடி' கிளையில் இருக்கும் ஆபத்தே அதுதான். அது தெரியாததையும் விழுங்கும், நாம் மறந்ததையும் சத்தமில்லாமல் விழுங்கும்.

இரண்டு குழிகள்

முதல் குழியில் நானே விழப் பார்த்தேன். தெரியாத மதிப்பு வந்தால் 'மற்றவை' என்று போட்டுவிடலாமே என்று தோன்றும். போடக் கூடாது. ஜிஎஸ்டியில் அளவைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு, கிலோ, மீட்டர், உருப்படி என்று போகும். அதில் 'மற்றவை' என்பதற்கே ஓடிஎச் என்று ஒரு குறியீடு இருக்கிறது. அது ஒரு உண்மையான மதிப்பு. 'இந்தப் பட்டியலில் உள்ள எந்த அளவையும் இல்லை' என்று வணிகரே தெரிந்து சொல்வது. 'எனக்குப் புரியவில்லை' என்பது புரோகிராமின் நிலை. இரண்டையும் ஒன்றாக்கினால் நம் அறியாமையை அடுத்தவர் வாக்குமூலமாக எழுதிவிடுகிறோம்.

இரண்டாம் குழி திரும்ப எழுதும்போது வரும். அக்கா லே வாடிக்கையாளரின் பதிவைத் திறந்து, போன் நம்பரை மட்டும் மாற்றிச் சேமிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும்போது 38 'தெரியாதது' ஆகிவிட்டால், திரும்பப் போகும்போது என்ன போகும்? 'தெரியாதது' என்பதுதான் போகும், அல்லது வெற்றிடம். போன் நம்பரைத் திருத்தப் போய் மாநிலம் அழிந்துவிடும். அதனால்தான் மூல எழுத்தை வைத்திருக்க வேண்டும் என்றேன். புரியாத கடிதத்தைக் கொண்டுபோகும் தபால்காரர் அதைப் பிரித்துத் திருத்துவதில்லை, அப்படியே சேர்க்கிறார்.

எங்கே நிற்க வேண்டும், எங்கே போக வேண்டும்

'அப்போ எதை அனுப்பினாலும் வாங்கிக்கணுமா? வரி விஷயம்ங்க இது' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்குத் தெளிவு கிடைத்ததும் இங்கேதான்.

ஒரு பில்லில் மாநிலக் குறியீடு எதற்குத் தேவை? விற்பவர் இருக்கும் மாநிலமும் சரக்கு போய்ச் சேரும் மாநிலமும் ஒன்றாக இருந்தால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. வேறு வேறாக இருந்தால் ஒருங்கிணைந்த வரி. கப்பலூர் யூனிட் 33. வாடிக்கையாளர் 38. முப்பத்துமூன்றும் முப்பத்தெட்டும் ஒன்றா? இல்லை. முடிந்தது. வரி எது என்று முடிவு செய்ய 38 லடாக்கா, லட்சத்தீவா என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை! பெயர் அச்சிட வேண்டிய இடத்தில் 'மாநிலம் 38' என்று போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். லே-காரருக்கும் கூட அன்றைக்கே பில் போட்டிருக்கலாம்.

இப்போது வேறொரு பட்டியலைப் பாருங்கள். இ-இன்வாய்ஸில் விற்பனையின் வகை என்று ஒரு கட்டம் இருக்கிறது. சாதாரண வணிகர்களுக்கு இடையே, சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு வரி கட்டி, வரி கட்டாமல், ஏற்றுமதி வரி கட்டி, வரி கட்டாமல் என்று வகைகள். வரி உண்டா இல்லையா என்பதையே இது தீர்மானிக்கிறது. பக்கத்து ஊரிலேயே இருந்தாலும் சிறப்பு மண்டலத்துக்குப் போகும் சரக்குக்கு மாநிலங்களுக்கு இடையிலான கணக்குதான். இங்கே தெரியாத வகை வந்தால் ஊகித்து நகரக் கூடாது. அந்தப் பில்லை மட்டும் நிறுத்தி, 'இது எனக்குப் புரியவில்லை, பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும்.

ஆக நான் எனக்காக எழுதி வைத்துக்கொண்ட விதி இது: படிக்கும்போது எதையும் தள்ளாதே. முடிவெடுக்கும்போது, அந்த முடிவுக்கு மதிப்பின் பொருள் தேவைப்பட்டால் மட்டும் நில். நிற்கும்போதும் அந்த ஒரு வரியோடு நில், பக்கத்து வரியைத் தொடாதே.

விருதுநகர்க்காரருக்கு ஏன் வரவில்லை என்றால், நிற்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றேன் என்பதால்தான்.

மாற்றியது என்ன

அடுத்த பதிப்பில் மாநிலம், அளவை, போக்குவரத்து முறை எல்லாவற்றையும் உறை போட்ட எழுத்துச்சரமாக மாற்றினேன். 'இது எனக்குத் தெரிந்ததா?' என்று கேட்க ஒரு வழி வைத்தேன். பட்டியல் இறங்கும்போது ஒரு வரியில் சிக்கல் வந்தால் அந்த வரிக்கு மட்டும் குறி போட்டுவிட்டு மற்றவை வந்துவிடும். தெரியாத மதிப்பு வந்தால் பதிவேட்டில் ஒரு வரி எழுதும். எனக்குத் தகவல் அங்கிருந்துதான் வர வேண்டும், லாரி டிரைவரிடமிருந்து அல்ல.

பழையதை நீக்குவதில்லை என்பது இன்னொரு விதி. டாமன் இணைந்த பிறகு 25ஐ எடுத்துவிடலாமே என்று உடன் வேலை செய்த தம்பி கேட்டான். எடுத்தால் 2018, 2019 பில்களைத் திறக்கும்போது அவை அநாதையாகும். புதிதாகப் போட முடியாது, பழையதைப் படிக்கலாம் என்று மட்டும் குறித்தோம். ஓய்வு பெற்ற எண்ணை வேறொன்றுக்குத் திரும்பக் கொடுக்கவும் கூடாது.

கடைசியாக ஒரு சோதனை. ஒவ்வொரு பட்டியலுக்கும் இல்லவே இல்லாத ஒரு மதிப்பை வேண்டுமென்றே அனுப்பி, எது விழுகிறது என்று பார்க்கிறோம். ஐந்து நிமிட வேலை. 2018லேயே செய்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

விலையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கம்பைலரின் காவல் பாதி போய்விட்டது. நாலாவது மதிப்பை மறந்தால் இப்போது அது எச்சரிக்காது, சோதனைகள்தான் பிடிக்க வேண்டும். என் அதிகாரத்தில் உள்ள பட்டியல்களை இன்னும் மூடிய எனமாகவே வைத்திருப்பது இதனால்தான்.

புறனடை

தமிழில் இலக்கணம் எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் எப்போதோ தெரிந்திருக்கிறது. தொல்காப்பியத்தில் ஓர் இயலின் விதிகளையெல்லாம் அடுக்கிவிட்டு, முடிவில் ஒரு நூற்பா வரும். இங்கே சொல்லாமல் விட்டவை வந்தால் அவற்றையும் வழக்கு நோக்கி ஏற்றுக்கொள்க என்ற கருத்தில் இருக்கும். அதற்குப் பெயர் புறனடை. சொன்ன விதிகள் தளர்ந்துவிடவில்லை, எல்லாமே சரி என்றும் சொல்லவில்லை. மொழி என் கையில் இல்லை, பேசுகிறவர்கள் கையில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். நான் எழுதிய பட்டியலில் இல்லாதது அந்தக் கதவுதான்.

அன்றைக்கு லாரி எப்படிக் கிளம்பியது என்று சொல்லவில்லையே. லே வாடிக்கையாளரின் மாநிலக் கட்டத்தில் இப்போதைக்குப் பழையபடி 01 என்று போடச் சொன்னேன். பட்டியல் திறந்தது, பில் வந்தது, வண்டி போனது. அக்கா மட்டும், "அவரு இப்ப அந்த மாநிலத்துல இல்லையே தம்பி" என்றார். இரண்டு நாளில் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி, அப்படியே செய்தும் கொடுத்தேன். ஆனாலும் அந்த இரண்டு நாளும் அவர் சரியாக எழுதியிருந்த ஒரு கணக்கு, என் பட்டியலுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தப்பாக இருந்தது.